சந்தைக்குப் பலதும் கொண்டுபோகிறவர்கள் விடும் தவறுகள்

போன கிழமை யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் ஒரு தம்பியைக் கண்டேன். ஐந்து பரப்புத் தறையில் ஏழு வகைப் பயிர். எல்லாவற்றையும் மழை விட்ட கையோடு ஒரே கிழமையில் நட்டாராம். நானும் அதையே செய்து கையைச் சுட்டுக்கொண்டவன். அளவாக இறை, மருந்தை அளந்து அடி என்று எவரும் சொல்வார்கள். அவருக்கு நான் சொன்னது வேறு.

எல்லாவற்றையும் ஒன்றாக நடுவது

எங்கள் வீட்டில் வெங்காயம்தான் வழமை. முதன்முதலாகப் பலதும் வைத்த வருடம் கோவா, பீற்றூட், பயிற்றை, போஞ்சி, தக்காளி என்று பாத்தி பிரித்தேன். மார்கழிக் கடைசியில் நட்டது, பங்குனிக்குள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க அப்போது அதே மரக்கறிதான். வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தேன்; கழிவு என்று நிறையிலும் ஒரு பங்கு போயிற்று. பறிக்க மனைவியும் நானும் மட்டும். பயிற்றை முற்றியது, தக்காளி வெடித்தது. வகை ஐந்து, பறிக்கும் நாள் ஒன்று!

அதைவிடப் பெரிய நட்டம் பிறகு வந்தது. சித்திரையில் கொண்டுபோக ஒரு கட்டுக் கீரைகூட இல்லை. ஆறு கிழமை நான் போகவில்லை. என்னிடமே வாங்கிய அம்மாமார் வேறு ஆளிடம் பழகிவிட்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. போன காசு அடுத்த போகத்தில் வந்தது, அவர்களில் பாதிப்பேர் வரவில்லை.

முளைக்கீரை 25, 30 நாளில் பிடுங்கலாம். அதனால் இப்போது கிழமைக்கு ஒரு துண்டாக விதைக்கிறேன். பயிற்றை 50 நாளளவில் காய்க்கும். மூன்று கிழமைக்கு ஒருமுறை சில வரிசை. கீரைக்கு மத்தியானம் தாண்டினால் விலை இல்லை. சின்ன வெங்காயத்தைக் காயவிட்டுக் கட்டித் தூக்கிவைத்து, விலை பார்த்து விற்கலாம். இராசவள்ளிக் கிழங்கு எட்டு, ஒன்பது மாதம் நிலத்தில் கிடக்கும். கிண்டிய பிறகும் அவசரமில்லை. வாடுவதையும் காத்திருப்பதையும் இப்படிக் கலந்தால் இரண்டு பேரின் கை போதும்.

கொடியேற்றத்திலிருந்து பின்னோக்கி எண்ணாதது

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். பல வீடுகளில் அப்போது மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை; மரக்கறியும் வாழையிலையும் கேட்டு வாங்குவார்கள். கொடியேறுவதற்கு நாலு கிழமை முன்பே கீரை மண்ணில் இருக்க வேண்டும். கொடியேறிய பிறகு விதைப்பவர்களை வருடாவருடம் பார்க்கிறேன்.

இலைக்கும் குலைக்கும் ஒரே வாழை

இலை வெட்டினால் குலை சிறுக்கும். இலைக்கென்று சில மரங்களை ஒதுக்குங்கள்.

ஊர் சமைக்காத மரக்கறி

முதல் தடவை அரைப் பாத்தி போதும்.

வெங்காயத்தை அடியோடு விடுவது

வேண்டாம்.

அந்தத் தம்பியின் தறையில் கிணற்றடி மூலை மட்டும் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. சரி, அதில் பாதிக்கு வருகிற வெள்ளி முளைக்கீரை போடுங்கள், மற்றப் பாதியை அதற்கடுத்த வெள்ளிவரை தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.