ஜாஸ் வாசிக்க விலை கூடிய கிட்டார் வேண்டாம்

ஜாஸ் பழக வேண்டுமென்று புதுக் கிட்டார் வாங்கப் போகாதீர்கள். கையிலிருக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரில் கழுத்துப் பக்கப் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) மட்டும் போட்டு, டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அப்புறம் காசு சேர்ந்தால் தட்டையான உலோக நாடா சுற்றிய, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி ஒரு செட் மாட்டுங்கள்.

கழுத்தருகே கம்பி அகலமாக அதிர்வதால் ஒலி தடிப்பாக வரும். டோனை இறக்கினால் கூர்மை அடங்கும். ஜாஸுக்குத் தேவையான அந்த உருண்ட நாதத்தின் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும், மீதி விரலில்தான். கனடாவின் கிட்டார் கலைஞர் எட் பிக்கர்ட், டெலிகாஸ்டர் என்ற கட்டை உடல் எலெக்ட்ரிக் கிட்டாரில்தான் அவ்வளவு அழகாக ஜாஸ் வாசித்தார். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்துக்கும் இப்படி உள்ளே வெறுமையில்லாத கட்டை உடல் கிட்டார்தான் நல்லது. உள்ளே வெறுமையாக, மேற்பலகை வளைந்திருக்கும் ஆர்ச்டொப் கிட்டாரின் மெல்லிய பலகை ஈரத்தில் எளிதில் உப்பும்.

பிக்கப் இல்லாத அக்கூஸ்டிக்கில் இது சரிவராது. நைலோன் கம்பிக் கிட்டாரில் உலோகக் கம்பியை மாட்டவே வேண்டாம், இழுவை தாங்காமல் கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். பெரிய பேண்டில் ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் தாளம் பிடிப்பதென்றால் மட்டும் ஆர்ச்டொப் தேவைதான்.