செங்கல் சுவரில் தவறு நடக்கும் இடங்கள்

செங்கல் லோடு இறங்கியதும் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது வழக்கம். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த கல். அதோடு சோதனை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது அந்தச் சத்தத்தில் தெரியாது. சுவர் பெரும்பாலும் கெடுவது கல்லும் கலவையும் ஒட்டும் முகத்தில்தான், அந்த ஒட்டைத் தீர்மானிப்பது தண்ணீர்க் கணக்கு.

காய்ந்த சூளைக்கல்லைக் கலவைமேல் வைத்த உடனே அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகுவதற்கு வேண்டிய நீர் மிஞ்சாது. கலவை இறுகாமல் வெறுமனே காய்ந்துபோகும். பின்னால் அந்தச் சுவரில் ஆணி அடித்தால் மணலாகக் கொட்டும். எனவே கல்லை முதலில் எடை போடுங்கள். 3 கிலோ எடையுள்ள காய்ந்த கல், 24 மணி நேரம் ஊறிய பிறகு 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. சாதாரணச் செங்கல்லுக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் எல்லை இந்த 20 விழுக்காடுதான். வேலை நடக்கும் இடத்திலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் உண்டு. கல்லின் படுக்கை முகத்தில் 25 மி.மீ. விட்டத்துக்கு மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டு, அதற்குள் 20 சொட்டு நீர் விடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் வற்றிவிட்டால் அந்தக் கல்லை நனைக்காமல் கட்டவே கூடாது.

நனைப்பது என்றால் அடுக்கின்மேல் ஹோஸ் பைப்பைப் பிடித்துப் பீய்ச்சுவது இல்லை. வெளிக்கல் நனையும், உள்கல் காய்ந்தபடியே கிடக்கும். தொட்டியில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். எடுத்தபின் மேல்நீர் வடியட்டும். சொட்டச் சொட்ட எடுத்துக் கட்டினால் கல் கலவைமேல் மிதந்து நகரும், தூக்குக்குண்டு பிடித்தது எல்லாம் வீண். நிலக்கரிச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல்லும், காற்றுக்குமிழி நிறைந்த எடை குறைந்த கான்கிரீட்டான ஏஏசி பிளாக்கும் வேறு ஜாதி. அவற்றுக்கு முகத்தில் தெளித்தால் போதும். ஊறவைத்தால் பின்னால் காயும்போது சுருங்கி, பூச்சில் விரிசல் விழும்.

அடுத்தது கலவை. ஒன்பது அங்குலச் சுவருக்கு 1:6, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் மணலை பாண்டில் (சாந்துச் சட்டியில்) அள்ளுவார்கள். காலையில் குவித்து அள்ளும் சித்தாள், மதியம் களைத்தபின் தலைதட்டித்தான் அள்ளுவார். விகிதம் மாறியது யாருக்கும் தெரியாது. ஒரு மூட்டை சிமெண்ட் ஏறக்குறைய 35 லிட்டர். உள்ளளவு 40 × 35 × 25 செ.மீ. உள்ள மரப்பெட்டி சரியாக அந்தக் கொள்ளளவு. மூட்டைக்கு ஆறு பெட்டி மணல், கணக்கு முடிந்தது. சாப்பாட்டுக்கு முன் குழைத்து, இறுக ஆரம்பித்த கலவையில் திரும்பவும் தண்ணீர் ஊற்றி இளக்குவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் நீர் சேருங்கள்.

"சிமெண்டைக் கூடப் போடுங்க, சுவர் கெட்டியா இருக்கும்" என்று வீட்டுக்காரர் சொல்வது அக்கறையில். விளைவு நேரெதிர். 1:3 கலவை காயும்போது அதிகம் சுருங்கும், விட்டுக்கொடுக்காது. அஸ்திவாரம் சற்று அமர்ந்தால் விரிசல் கல்லையே பிளந்துகொண்டு போகும். கலவை கல்லைவிடச் சற்று மென்மையாக இருந்தால், அதே அசைவு பல இணைப்புகளில் மயிரிழைகளாகப் பிரிந்து அடங்கிவிடும். சிப்பியின் உட்புறத்தில் மின்னும் முத்துப்பூச்சும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 95 விழுக்காடு அரகனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத் தட்டுகள் செங்கல் வரிபோல அடுக்கியிருக்க, இடையில் மெல்லிய புரதப் பசை. தட்டுகள் சற்று வழுக்கி நகர அந்தப் பசை இடம் கொடுப்பதால், வெறும் அரகனைட்டைவிட அது பல மடங்கு உடைப்பைத் தாங்கும். பொருள் அறிவியலார் இதைச் செங்கல்–சாந்து அமைப்பு என்றே அழைக்கிறார்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கு மட்டும் 1:4 வேண்டும். அதிலும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் இரண்டு கம்பி வைத்த கான்கிரீட் பட்டை போடாமல் மேலே போகக் கூடாது.

கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கலவை இணைப்பு 10 மி.மீ. இருந்தால் போதும். கோணல் கல்லைச் சரிக்கட்ட 25 மி.மீ. வரை கலவை திணிப்பது சுவரைப் பலவீனமாக்கும். அதைவிட மோசம், செங்குத்து இணைப்பை வெறுமையாக விடுவது. படுக்கைக்குக் கலவை விரித்து, கல்லை வைத்து, முன்பக்கம் மட்டும் கரணையால் இழுகிவிட்டால் பார்வைக்கு நிரம்பியதாகத் தெரியும். உள்ளே பொந்து. அடைமழையில் தெற்குச் சுவரோ வடக்குச் சுவரோ ஓதம் அடித்தால், பூச்சைக் குறை சொல்லும் முன் இதைச் சந்தேகியுங்கள். பூசுவதற்கு முன் சுவரின் ஒருபுறம் டார்ச் அடித்து மறுபுறம் நின்று பார்த்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். கல்லில் பெயர் பொறித்த பள்ளம் இருந்தால் அது மேல்நோக்கி இருக்க வேண்டும், கலவை நிரம்பிப் பிடித்துக்கொள்ள.

ஒன்பது அங்குலச் சுவரை இரண்டு நாலரை அங்குலச் சுவராக அருகருகே எழுப்பி, நடுவில் உடைசலைப் போட்டு மூடுவதும் உண்டு. குறுக்குக் கல் இல்லாததால் இரண்டும் தனித்தனியே நிற்கும். ஒரு வரி நீளவாட்டில், அடுத்த வரி குறுக்குவாட்டில் வர வேண்டும். மூலைக் கல்லை அடுத்து, கல்லை நெடுக இரண்டாகப் பிளந்த துண்டு ஒன்று வைத்தால்தான் மேல்வரி இணைப்பும் கீழ்வரி இணைப்பும் ஒரே கோட்டில் விழாது. ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்குமேல் ஏற்றினால் அடிவரிக் கலவை பிதுங்கும்.

தூண் வைத்த வீட்டில் கடைசி வரிதான் வில்லங்கம். பீமுக்கு அடியில் அன்றைக்கே இறுக்கி அடைத்தால், பீம் சற்று வளைந்ததும் சுமை சுவர்மேல் ஏறும். சுவர் அமர ஓரிரு வாரம் விட்டு அடையுங்கள். தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் மேலிருந்து கீழ்வரை நேர்கோட்டில் விரிசல் வரும்.

எலெக்ட்ரீஷியன் பைப் பதிக்க வெட்டும் காடியின் ஆழத்துக்கும் கணக்கு உண்டு. செங்குத்துக் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரை, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கு வரைதான். 115 மி.மீ. சுவரில் ஆறில் ஒரு பங்கு என்றால் 19 மி.மீ. 25 மி.மீ. பைப் அதில் படுக்காது. பைப்பைச் செங்குத்தாகத்தான் இறக்க வேண்டும், சுத்தியலும் உளியும் இல்லாமல் கட்டிங் மெஷினால்.

காம்பவுண்டுச் சுவரில் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தூணில்லாத சுவரின் தடிமனைப் பாதியாக்கினால் எடையும் பாதி, எடை செயல்படும் நெம்புகைத் தூரமும் பாதி; சாய்வை எதிர்க்கும் திறன் கால்பங்காகிவிடும். உயரத்தை இரட்டித்தால் காற்று சுவரை அடியிலிருந்து சாய்க்கும் திருப்புத்திறன் நான்கு மடங்கு, எதிர்ப்பு இரண்டு மடங்குதான். 2019 டிசம்பர் 2 அன்று கனமழையில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் உயரமான மதில் ஒன்று வீடுகள்மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். பக்கத்து மனையை மேடாக்கி, கட்டிமுடித்த சுவரை ஒட்டி மண் கொட்டுவது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. நனைந்த மண்ணின் தள்ளுவிசையைத் தாங்க ஒன்பது அங்குலச் செங்கல்லால் முடியாது, நீர் வடியும் துளை வைத்தாலும் முடியாது. மண் கொட்டும் பக்கத்தில் தனியாகக் கான்கிரீட் தாங்குசுவர் எழுப்பி, அதில்தான் துளை வைக்க வேண்டும்.