பைனரியை நான்கு நான்காகப் பிரியுங்கள்

0, 1 மட்டுமே கொண்ட நீளமான பைனரி எண்ணை ஹெக்ஸாடெசிமலாக (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறை, சுருக்கமாக ஹெக்ஸ்) மாற்ற, முதலில் தசம எண்ணாக்கி, பிறகு 16-ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. வலது ஓரத்திலிருந்து நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்தாலே போதும். 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. அதனால் ஒவ்வொரு நான்கும் சரியாக ஒரு ஹெக்ஸ் இலக்கமாகிறது.

1010010111-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 10 | 1001 | 0111. ஒவ்வொரு தொகுதிக்கும் 8, 4, 2, 1 என்ற இடமதிப்புகளைக் கூட்டினால் 2, 9, 7. விடை 297, தசமத்தில் 663. தொகுதியின் மதிப்பு 10 முதல் 15 வரை வந்தால் 'ஏ' முதல் 'எஃப்' வரையிலான எழுத்து.

இடப்பக்கத்திலிருந்து பிரித்துவிடாதீர்கள், பலர் தவறுவது இங்கேதான். இடது ஓரத்தில் இலக்கம் குறைந்தால் முன்னால் பூஜ்ஜியம் சேர்த்துக்கொள்ளலாம், மதிப்பு மாறாது. ஆக்டலுக்கு (8-ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறை) மூன்று மூன்றாகப் பிரியுங்கள்.