கால்பந்து வீரருக்குக் கலைக்களஞ்சியக் கட்டுரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கிப்பீடியாவில் நீக்கலுக்கு முன்மொழியப்படும் கால்பந்து வீரர் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். புதிதாக எழுத வருபவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளைத்தான் பிசகாமல் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, மேற்கோள் இடும் முறை, தகவல் பெட்டி ஆகியவற்றைப் பின்னால் வருபவர் யாராவது சரிசெய்துவிடுவார். கட்டுரையையே இல்லாமல் ஆக்கிவிடும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஆடிய ஆட்டங்களைத் தகுதியாகக் கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். "முதல்நிலை லீக்கில் ஆடியிருக்கிறார், ஆகவே கட்டுரை எழுதலாம்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரியும். முழுத் தொழில்முறை லீக் ஒன்றிலோ தேசிய அணியிலோ ஓர் ஆட்டம் ஆடியிருந்தாலே ஒருவரைக் குறிப்பிடத்தக்கவராக, அதாவது தனிக் கட்டுரைக்குத் தகுதியானவராகக் கருதலாம் என்ற வழிகாட்டல் ஆங்கில விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகள் இருந்தது. எந்த லீக் முழுத் தொழில்முறை, எது இல்லை என்று பட்டியல் போட்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2022-ல் நடந்த நீண்ட உரையாடலுக்குப் பிறகு, பங்கேற்பை மட்டும் வைத்துத் தகுதி தரும் விதிகள் எடுக்கப்பட்டுவிட்டன. வீரரோடு தொடர்பில்லாத, நம்பகமான மூலங்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பதே இப்போதைய கேள்வி.

விதி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. உழைப்புக்கு அஞ்சாத ஓர் இளைஞர், புள்ளிவிவரத் தளம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே கிளப்பின் அணி முழுவதற்கும் கட்டுரை எழுதினார். ஒவ்வொன்றிலும் பிறந்த நாள், உயரம், ஆடும் இடம், ஆட்டங்களின் எண்ணிக்கை, கோல்களின் எண்ணிக்கை இருந்தன. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடைய கட்டுரை என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மூச்சில் நீக்கல் உரையாடலுக்குப் போயின. அவர் மனமுடைந்து எழுதுவதையே விட்டுவிட்டார். கட்டுரைகள் போனதைவிட அவர் போனதுதான் எனக்கு வருத்தம். அந்த உழைப்பில் பாதியை ஒரே ஒரு நல்ல வீரர்மீது செலவிட்டிருந்தால் அது அருமையான கட்டுரையாக நின்றிருக்கும். தொடக்கத்திலேயே யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை.

தரவுத்தளம் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. களத்தில் கால் வைத்த எல்லாரையும் பதிவுசெய்கிறது. டிரான்ஸ்ஃபர்மார்க்ட் போன்ற கால்பந்துத் தரவுத்தளங்கள் பயனர்கள் தரும் விவரங்களையும் ஏற்கின்றன. அங்கே ஒருவர் பெயர் இருக்கிறது என்பதிலிருந்து, அவர் ஆடினார் என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை.

அலி டியாவை எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற லைபீரிய வீரர் ஜார்ஜ் வியாவின் உறவினர் என்ற பொய்யான பரிந்துரையால் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அணியில் இடம்பிடித்தவர். 1996 நவம்பரில் லீட்ஸ் அணிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, அதே ஆட்டத்தில் வெளியே எடுக்கப்பட்டார். பிரீமியர் லீக்கில் அவர் ஆடியது அவ்வளவுதான். ஆனாலும் பத்திரிகைகள் அவரைத் தேடிப் பிடித்து இன்றுவரை எழுதுகின்றன. அவர் கட்டுரை கேள்விக்கு இடமின்றி நிற்கிறது. நூறு ஆட்டங்கள் ஆடிய ஒரு தடுப்பாட்டக்காரரைப் பற்றி யாரும் நான்கு வரி எழுதாமல் இருந்திருக்கலாம். இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் மற்றவர்கள் எழுதியதைத் தொகுப்பதுதான் கலைக்களஞ்சியத்தின் வேலை. தொகுக்க ஒன்றுமில்லாதபோது நாம் எதை எழுதுவது?

மேற்கோள்களை எண்ணிக் காட்டுவது

"இருபது மேற்கோள் இருக்கிறதே" என்பார்கள். திறந்து பார்த்தால், கிளப் வெளியிட்ட ஒப்பந்த அறிவிப்பை இருபது ஊடகங்கள் வார்த்தை மாறாமல் போட்டிருக்கும். அது ஒரே மூலம். அதுவும் கிளப்பின் சொந்தக் குரல். பேட்டியில் வீரர் தம்மைப் பற்றித் தாமே பேசுகிறார். ஆட்ட அறிக்கையில் "78-வது நிமிடத்தில் களமிறங்கினார்" என்று இருந்தால் அது அந்த ஆட்டத்தைப் பற்றிய செய்தி.

எழுதத் தொடங்கும்முன் ஒன்று செய்யுங்கள். கிளப், லீக், முகவர், பேட்டி, தரவுத்தளம் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியவற்றை மட்டும் வைத்து மூன்று பத்தி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த வீரருக்கு இன்னும் காலம் வரவில்லை.

வருங்கால நட்சத்திரம்

2009 ஜனவரியில் லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ், வளர்ந்துவரும் வீரர்கள் ஐம்பது பேரின் பட்டியலில் மசால் புக்டுவ் என்ற மால்டோவா நாட்டுச் சிறுவனை 30-வது இடத்தில் வைத்தது. அப்படி ஒரு வீரரே கிடையாது. இணையத்தில் யாரோ விதைத்த கட்டுக்கதை ஒரு பெரிய நாளிதழ்வரை ஏறிப்போயிற்று. பெரிய கிளப்புகள் இவரைக் கவனிக்கின்றன என்ற வகைச் செய்தியை நம்பி எழுதாதீர்கள்.

இணையத்தில் இல்லாதவர் தகுதியற்றவர் என்பது

எதிர்த்திசையில் நடக்கும் தவறு இது. இதன் கேடும் குறைந்ததில்லை. இங்கிலாந்து வீராங்கனை லில்லி பார் ஆடிய 'டிக், கெர் லேடீஸ்' என்ற பெண்கள் அணியைப் பார்க்க 1920 டிசம்பரில் லிவர்பூலின் கூடிசன் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு அணிகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அந்தத் தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. தொழில்முறை லீக்கே இல்லாதவருக்கு லீக் ஆட்டங்களின் கணக்கு எங்கிருந்து வரும்? 2002-ல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகப் புகழரங்கில் சேர்க்கப்பட்ட முதல் பெண் லில்லி பார்தான்.

இத்தகையோரைத் தேட வேண்டிய இடம் அக்கால நாளிதழ்களின் தொகுப்புகளும் அணி வரலாற்று நூல்களும். வீரரின் நாட்டு மொழியிலும், அதன் எழுத்திலேயே பெயரை இட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று முடிவுகட்டுபவர்களோடு பலமுறை வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன்.

பெயர்க் குழப்பம்

1996 ஒலிம்பிக்கில் பிரேசில் அணியில் வேறொரு ரொனால்டோவும் இருந்ததால், நாம் அறிந்த ரொனால்டோ 'ரொனால்டினியோ' என்ற பெயர் பொறித்த சட்டையுடன் ஆடினார். பிறந்த தேதியைச் சரிபார்க்காமல் கோல் கணக்கை ஏற்றாதீர்கள்.

அபிமானம்

உங்களுக்குப் பிடித்தவர் என்பது காரணமாகாது.

கூலிக்கு எழுதுவது

பணம் பெற்று எழுதினால் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி இது.

தனிக் கட்டுரை, இல்லையேல் ஒன்றுமில்லை என்பது

இடைவழி இருக்கிறது. அணியின் பருவக் கட்டுரையிலோ உலகக்கோப்பை அணிகளின் பட்டியலிலோ அந்த வீரரைச் சான்றுடன் ஒரு வரியில் சேர்த்து, அவர் பெயரை அங்கே வழிமாற்றாக்கிவிடலாம்; அவர் பெயரைத் தேடுபவர் நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார். உங்கள் கட்டுரை நீக்கல் உரையாடலுக்கு வந்துவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் இதை நீங்களே முன்மொழியுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். நீக்காமல் வழிமாற்றாக்கினால் பக்கத்தின் பழைய வரலாறு அப்படியே இருக்கும். நல்ல மூலம் கிடைக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.