பழைய 407-இல் பொருத்திய ஆர்.பி.எம். மீட்டர் சரியாகக் காட்ட

டாடா 407-இன் பழைய 2956 சிசி, 4 சிலிண்டர் இன்ஜின் டீசல். பெட்ரோல் காரின் ஆர்.பி.எம். மீட்டர் பல்ஸ் (மின் துடிப்பு) எடுக்கும் இக்னிஷன் காயில் இதில் கிடையாது. அதனால் 4, 6, 8 என்று சிலிண்டர் மட்டும் தேர்ந்தெடுக்கும் பெட்ரோல் கார் மீட்டரை இதற்கு வாங்கினால் காசு வீண். அந்த மீட்டர் 4-இல் இருக்கும்போது இன்ஜினின் ஒரு சுற்றுக்கு 2 பல்ஸ் எதிர்பார்க்கும். டீசல் வண்டியில் நாம் பல்ஸ் எடுக்கப்போவது டைனமோவிலிருந்து (ஆல்டர்னேட்டரைத்தான் பட்டறையில் இப்படிச் சொல்கிறோம்). அது சுற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பல்ஸ் தரும். ஐடிலிங்கிலேயே முள் 5000-ஐத் தாண்டிவிடும். பின்பக்கம் பல்ஸ் எண்ணிக்கையை மாற்றும் சுவிட்சும், நுணுக்கமாகத் திருப்பும் சிறு ஸ்க்ரூவும் உள்ள 12 வோல்ட் டீசல் மீட்டர்தான் வேண்டும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். டைனமோவின் பின்னால் டபிள்யூ என்று குறித்த முனை இருந்தால் சிக்னல் வயரை அதில் மாட்டினால் போதும். இல்லையென்றால் பின்மூடியைத் திறக்க வேண்டும். ஸ்டேட்டரிலிருந்து (டைனமோவின் சுற்றாத சுருள்) மூன்று வயர்கள் டயோடு பிளேட்டுக்கு வரும். அதில் ஏதாவது ஒன்றில் ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு வெளியே எடுங்கள். மூன்றும் சேரும் நியூட்ரல் முடிச்சைத் தொடாதீர்கள். அங்கே வரும் அலை வேறு, கணக்கு மூன்று மடங்கு வரை பிசகும். மீட்டருக்கான பாசிட்டிவை சாவிக்குப் பிறகு, ஃபியூஸ் வழியாக எடுங்கள். சிக்னல் வயர் செல்ஃப் மோட்டார் கேபிளையும் ஹாரன் வயரையும் ஒட்டிப் போகக் கூடாது.

பேட்டரியை மாட்டி, இன்ஜினை ஓட்டி, சிக்னல் வயருக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரை டிசியில் வையுங்கள். பேட்டரி வோல்டேஜில் ஏறக்குறைய பாதி, அதாவது 7 வோல்ட் பக்கம் காட்டினால் எடுத்த இடம் சரி. ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரை மட்டும் கழற்றிப் பார்க்காதீர்கள், டயோடு போய்விடும்.

அடுத்தது, இன்ஜினின் ஒரு சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்ற எண்ணிக்கை. இன்ஜினின் கிராங்க் புல்லி, டைனமோ புல்லி இரண்டின் வெளிவிட்டத்தை அளந்து வகுப்பவர்கள் உண்டு. வி-பெல்ட் புல்லியின் விளிம்பில் ஓடுவதில்லை, உள்ளே இறங்கி ஓடுகிறது. ஆகவே அந்த விகிதம் கொஞ்சம் தப்பும். சுற்றி எண்ணுவதே நம்பகம். சாவியை எடுத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் போட்டு, ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்து, இரண்டு புல்லியிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். கிராங்க் புல்லியை ஸ்பானரால் ஓடும் திசையிலேயே 5 சுற்று திருப்புங்கள். டைனமோ 11.5 சுற்று சுற்றியிருந்தால் விகிதம் 2.3. டைனமோ ரோட்டரில் (உள்ளே சுழலும் காந்தம்) 12 துருவம் என்றால் 6 ஜோடி, 2.3 × 6 = 13.8 பல்ஸ். மீட்டரில் இதற்கு அருகில் உள்ள எண்ணை வையுங்கள். எல்லா டைனமோவும் 12 துருவம் இல்லை, 14-ம் 16-ம் உண்டு. கணக்கு சரியாக இருந்தும் மீட்டர் ஒரே விகிதத்தில் கூடுதலாகக் காட்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இனி ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உண்மை அளவு வேண்டும். ஒளியைப் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி அளக்கும் கையடக்க லேசர் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பழைய இரும்புச் சோக் போட்ட டியூப்லைட் போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆக அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும். கிராங்க் புல்லியில் சம இடைவெளியில் 4 வெள்ளைக் கோடு வரைந்து, மங்கலான இடத்தில் அந்த விளக்கை மட்டும் போட்டு, ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். 750-இல் கோடு எட்டாகத் தெரியும். நாலு கோடும் பளிச்சென்று நிற்கும் முதல் இடம் 1500. எலக்ட்ரானிக் சோக், எல்இடி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் எதுவும் இதற்கு ஆகாது. நிற்பதுபோல் தெரிவது நிற்கவில்லை என்பதை மறக்காதீர்கள். ஃபேனும் பெல்ட்டும் கண்ணுக்கு அசையாமல் தெரியும்போதுதான் ஏமாந்து கையை உள்ளே விட்டுவிடுவோம், விடாதீர்கள்.

1500-இல் முள் 1500-க்கு வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்புங்கள். ஐடிலிங்கில் வைத்துச் சரிசெய்யாதீர்கள்: 750-இல் 20 தவறினால் கண்ணுக்குத் தெரியாது, அதே தவறு 3000-இல் 80 ஆகிவிடும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். நிறைந்த பேட்டரியும் லோடு இல்லாத டைனமோவும் சேர்ந்தால் சிக்னல் பலவீனமாகி முள் தடுமாறும்.

பிறகு வேறு வேகங்களிலும் பாருங்கள். எல்லா வேகத்திலும் ஒரே 50 கூடுதலாகக் காட்டினால் பல்ஸ் கணக்கில் தவறில்லை, முள் பூஜ்யத்தில் உட்காரவில்லை. வேகம் ஏற ஏற, அதிலும் லைட் போட்டதும், குறைத்துக் காட்டினால் பெல்ட் வழுக்குகிறது; நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இறங்கும் அளவுக்கு இறுக்கிவிட்டு மறுபடி சரிசெய்யுங்கள். ஸ்டார்ட் செய்ததும் முள் படுத்தே கிடந்து, ஒருமுறை ரேஸ் கொடுத்த பிறகே எழுந்தால் டேஷ்போர்டில் சார்ஜ் பல்பைப் பாருங்கள். அது ஃபியூஸ் போனால் டைனமோவுக்கு ஆரம்பக் கரண்ட் கிடைக்காது.

எல்லாம் ஒத்துவந்ததும் ஸ்க்ரூ மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விடுங்கள், குலுக்கலில் நகராது. 13.8 என்ற எண்ணை மீட்டரின் முதுகில் எழுதிவையுங்கள். டைனமோவையோ புல்லியையோ மாற்றிய அன்று அது செல்லாது, திரும்பவும் சாக்பீஸ்தான்.