தங்கம், வெள்ளி விலை இறங்கும்போது வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

தங்கம் விலை இறங்கிய செய்தி வந்த அன்று சாயங்காலம் சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். நகைக்கடைகளில் நிற்க இடம் இருக்காது. 2013 ஏப்ரலில் அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். உலகச் சந்தையில் இரண்டே வேலை நாட்களில் தங்கம் அவுன்ஸுக்கு (சுமார் 31 கிராம்) 200 டாலர் அளவுக்குச் சரிந்திருந்தது. ஏலச்சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. இதைவிட நல்ல நேரம் வராது என்று இரண்டு பவுனில் ஒரு நெக்லஸ் வாங்கினேன். 2015 கடைசியில் அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக அதை விற்றபோது, கொடுத்த பணத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வரவில்லை. கடையில் யாரும் ஏமாற்றவில்லை. சேதாரம் 16 சதவீதம் என்று பில்லிலேயே இருந்தது. விலை இறங்கிய சந்தோஷத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மாதம் ஐயாயிரம், பத்தாயிரம் மிச்சம் பிடிக்கும் குடும்பங்கள், விலை இறங்கும்போது என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: எந்தப் பணம் என்று முடிவு செய்யுங்கள்

காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போகும் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மே மாதம் வந்தால் நகை அடகுக்குப் போகும். அன்று தங்கம் என்ன விலை விற்கிறது என்பதை யாரும் பார்க்க முடியாது, அரிசி வாங்க வேண்டும். பள்ளிக் கட்டணமும் ஜூன் மாதத்தில்தான் வந்து நிற்கும். இந்த மாதிரி தேதி தெரிந்த செலவுக்கான பணம் வங்கியிலேயே இருக்கட்டும். விலை எவ்வளவு இறங்கினாலும் அதைத் தொடாதீர்கள்.

வட்டிக்குக் கடன் வாங்கித் தங்கம் வாங்குவதும் வேண்டாம். குறைந்தது மூன்று, நான்கு வருடம் தேவைப்படாத பணம் மட்டும்தான் இதற்கு. மொத்தச் சேமிப்பில் தங்கமும் வெள்ளியும் சேர்ந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது என் கருத்து. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நகையையும் அந்தக் கணக்கில் சேருங்கள். நம்மில் பலருக்கு அதுவே 15 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இரண்டாவது: இறக்கம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள்

"விலை குறைந்தது" என்ற தலைப்பு, நேற்றோடு ஒப்பிட்டுச் சொல்வது. நமக்கு வேண்டியது, கடைசியாகத் தொட்ட உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்பது. சென்னையில் நகை வியாபாரிகள் சங்கம் காலையில் அறிவிக்கும் விலைதான் போர்டு ரேட். சில நாட்களில் மாலையிலும் மாறும். ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை 22 கேரட் கிராம் விலையையும் வெள்ளி கிராம் விலையையும் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் எழுதினால் கண் பழகிவிடும்.

நம் ஊர் விலை மூன்று இடங்களில் முடிவாகிறது: உலகச் சந்தையின் டாலர் விலை, டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது, இறக்குமதி வரி. 2011 செப்டம்பரில் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம், 2015 டிசம்பரில் 1,050 டாலர் அளவுக்கு இறங்கியது. கிட்டத்தட்ட 45 சதவீதச் சரிவு. ஆனால் அதே காலத்தில் ரூபாயும் பலவீனமாகி, டாலர் 66 ரூபாயை ஒட்டி வந்தது. இறக்குமதி வரியும் ஏறியது. அதனால் சென்னையில் அவ்வளவு இறக்கம் தெரியவே இல்லை. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. உலகத்தில் ஒன்றும் ஆகவில்லை, இங்கே வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது, சென்னையில் சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ஒரே நாளில் குறைந்தது. ஏன் இறங்குகிறது என்று தெரிந்தால், பதற்றமும் அவசரமும் பாதியாகக் குறையும்.

மூன்றாவது: எந்த வடிவில் வாங்குவது

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம், 80,000 ரூபாய்.

நகையாக வாங்கினால் சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600 ரூபாய். ஆக 89,600. அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,688 ரூபாய். மொத்தம் 92,288. அடுத்த நாளே அதே விலைக்கு விற்கப் போனால், 2 சதவீதம் கழித்து 78,400 தருகிறார்கள் என்று வைப்போம். ஒரே நாளில் 13,888 ரூபாய் போயிற்று. போட்ட பணம் கைக்கு வர, கிராம் விலை 10,000-லிருந்து சுமார் 11,770 ஆக வேண்டும்.

அதையே 2 சதவீதச் செய்கூலியில் நாணயமாக வாங்கினால் ஜிஎஸ்டியோடு 84,048 ரூபாய். கிராம் சுமார் 10,720 ஆனால் அசல் வந்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். விலை 5 சதவீதம் இறங்கியது என்று ஓடிப்போய், 12 சதவீதச் சேதாரத்தில் வாங்கினால் அந்த இறக்கம் யாருக்குப் போகிறது? கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ எப்படியும் நகை வேண்டும் என்றால், இறங்கும்போது வாங்குவது சரிதான். கல் வைக்காத, சேதாரம் குறைந்த டிசைனாகப் பாருங்கள். ஆனால் முதலீடு என்று சொல்லிக்கொண்டு நெக்லஸ் வாங்காதீர்கள்.

மூன்றாவது வழி, பங்குச்சந்தையில் வாங்கும் தங்க இடிஎஃப். நமக்காகத் தங்கத்தை வாங்கி வைத்து, அதைச் சிறு யூனிட்டுகளாகப் பிரித்து விற்கும் ஃபண்டு இது. பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால், இந்த யூனிட்டுகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு தொடங்கலாம். பல திட்டங்களில் ஒரு யூனிட், 0.01 கிராம் தங்கத்தை ஒட்டிய விலைதான். சேதாரம் இல்லை, வாங்கும்போது தங்கத்தின் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, திருட்டுப் பயமும் இல்லை. நிர்வாகச் செலவாக வருடத்துக்குச் சிறு சதவீதம் பிடிப்பார்கள். டீமேட் வேண்டாம் என்பவர்கள் மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் கோல்டு ஃபண்டில் மாதத் தவணையாகப் போடலாம்.

இடிஎஃப் என்றால் எல்லாருக்கும் சரி என்று சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு அடகு வைக்கும் குடும்பம் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தங்கக் கட்டிக்கும் தங்க இடிஎஃபுக்கும் நகைக்கடன் கிடையாது. நகைக்கும் நாணயத்துக்கும்தான் உண்டு, அதிலும் நாணயம் 50 கிராமுக்கு மேல் வைக்க முடியாது. எந்த நாணயத்தை ஏற்பார்கள் என்று உங்கள் வங்கிக் கிளையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வங்கியிலும் நாணயம் விற்பார்கள். ஆனால் விற்ற வங்கியே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது, அதற்கு விதியில் இடமில்லை. என் வீட்டில் பாதி நாணயம், பாதி இடிஎஃப் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

தங்க விலையை ஒட்டி அரசு வெளியிட்ட தங்கப் பத்திரத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிதாக வெளியிடவில்லை. பழையவை பங்குச்சந்தையில் கைமாறுகின்றன. முதல்முறை வாங்குபவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம். செல்போன் செயலிகளில் பத்து ரூபாய்க்கும் கிடைக்கும் டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. நான் தொடுவதில்லை.

கடைகளின் மாதச் சீட்டு பெரும்பாலும் 11 மாதம் என்று இருப்பதற்குக் காரணம், பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி. முடிவில் நகையாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கட்டும் பணத்தை அன்றன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கும் சீட்டாக இருந்தால்தான், இறக்கத்தால் உங்களுக்கு நன்மை. பணமாகவே சேர்த்து வைத்து, கடைசி நாள் விலைக்குத் தருவது என்றால் இல்லை. சேரும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

நான்காவது: பணத்தைப் பிரியுங்கள்

அடிமட்டம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பணத்தை மூன்றாக, நான்காகப் பிரித்துப் போடுங்கள். 54,000 ரூபாய் இருக்கிறது என்றால் 18,000 வீதம் மூன்று தவணை. கிராம் 10,000 இருக்கும்போது 1.8 கிராம் வரும். 9,000 ஆகும்போது 2 கிராம். 8,000 ஆனால் 2.25 கிராம். மொத்தம் 6.05 கிராம், சராசரி விலை சுமார் 8,926. இறங்க இறங்க அதே பணத்துக்கு அதிக எடை வருகிறது அல்லவா, அதுதான் இதன் பலம்.

உச்சத்திலிருந்து 5 சதவீதம் இறங்கினால் ஒரு தவணை, 10 சதவீதத்தில் அடுத்தது, 15 சதவீதத்தில் கடைசி என்று நோட்டில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அவ்வளவு இறங்காமல் திரும்ப ஏறிவிட்டால்? மீதிப் பணம் வங்கியில் வட்டியோடு இருக்கும், நஷ்டம் ஒன்றுமில்லை. ஆசையிலோ பயத்திலோ மனசு மாறும் நாட்களில், அமைதியான ஒரு நாளில் நீங்களே எழுதிய அந்த வரிதான் துணை.

வெள்ளியைத் தனியாகப் பாருங்கள்

வெள்ளியை ஏழைகளின் தங்கம் என்று சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பித் தங்கம் மாதிரியே நடந்துகொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். உலகில் வெள்ளியின் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது: சோலார் பேனல், மின்னணுப் பொருட்கள். தொழில் மந்தமானால் வெள்ளி தங்கத்தைவிட வேகமாக விழும். 2011 ஏப்ரலில் அவுன்ஸ் 49 டாலரை ஒட்டி இருந்தது, 2015 கடைசியில் 14 டாலருக்குக் கீழே வந்தது. அந்தப் பழைய உச்சத்தைத் தாண்ட 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 14 வருடம். அதனால் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஒதுக்கிய பணத்தில் கால் பங்குக்கு மேல் வெள்ளியில் வேண்டாம்.

கொலுசு, குத்துவிளக்கு, டம்ளர் எல்லாம் வீட்டுக்கு. அவற்றின் சுத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி இருக்கும், விற்கும்போது கழிவும் அதிகம். முதலீட்டுக்கு என்றால் 999 (99.9 சதவீதச் சுத்தமான) வெள்ளிக் கட்டி, நாணயம், இல்லையென்றால் வெள்ளி இடிஎஃப். இடிஎஃப் வாங்கும்போது ஐஎன்ஏவி என்ற எண்ணைப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளியின் அந்த நேரத்து மதிப்பு அது. 2025 அக்டோபரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்திய வெள்ளி இடிஎஃப்கள் அந்த மதிப்பைவிட வெகு அதிகமாக விற்றன. அப்போது வாங்கியவர்கள் வெள்ளிக்கு மேலே ஒரு கூடுதல் விலையைக் கொடுத்தார்கள், அந்தக் கூடுதல் சீக்கிரமே கரைந்தது. ஐஎன்ஏவியை ஒட்டிய விலையை நீங்களே குறிப்பிட்டு, லிமிட் ஆர்டர் போடுங்கள். சந்தை நேரம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை.

வாங்கும் நாள்

கட்டி, நாணயத்துக்கு நான் சௌகார்பேட்டைக்குப் போவேன். அங்கே தங்கசாலைத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நாணயம் அடித்த ஆலை இருந்ததால்தான். அந்தத் தெருவிலும் என்.எஸ்.சி. போஸ் ரோட்டிலும் அடுத்தடுத்து கடைகள் இருப்பதால் மூன்று இடத்தில் விசாரிப்பது சுலபம். கூட்டம் குறைந்த வார நாள் காலையில் போங்கள். விலை சரிந்த மறுநாள் வேண்டாம், நின்று பேசவே விட மாட்டார்கள்.

எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி கேளுங்கள்: "இன்னைக்கு போர்டு ரேட் என்ன, இதுக்கு செய்கூலி, சேதாரம் எவ்வளவு, ஜிஎஸ்டியோட மொத்தம் எவ்வளவு? இதையே திரும்பக் கொண்டுவந்தா பணமா தருவீங்களா, எவ்வளவு கழிப்பீங்க?" கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் வராத கடையில் வாங்காதீர்கள். பழைய நகைக்குப் பணம் தராமல் வேறு நகை எடுக்கச் சொல்லும் கடைகள் உண்டு.

நகை என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோண முத்திரை, 22கே916 என்ற தூய்மை எண், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஹெச்யுஐடி எண் இல்லாமல் விற்கக் கூடாது, 2 கிராமுக்குக் குறைந்த பொருள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் பொருளின் விவரம் வரும். கடையில் நிற்கும்போதே பாருங்கள், சங்கடப்பட வேண்டாம். நாணயம் என்றால் 999 முத்திரையும் பிரிக்காத சீலும்.

பில் இல்லாமல் ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள். ஒரே நாளில் ஒருவரிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடைக்காரர் வாங்கவும் கூடாது.

அப்புறம் அந்தப் பில்லை ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். விற்கும்போது லாபக் கணக்குக்கு அதுதான் ஆதாரம். கையில் வைத்திருக்கும் தங்கம், வெள்ளியை 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. இடிஎஃபுக்கு 12 மாதம் தாண்டினாலே அந்த விகிதம். அதற்கு முன்பே விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி வரம்புப்படி கணக்காகும்.