பிடித்த நகரம் கைநழுவாமல் இருக்க: சிவிலைசேஷன் 6 ஆரம்ப வழிகாட்டி

நாடு கட்டி ஆளும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6 ஆட ஆரம்பித்தவர்கள் முதல் போரில் ஜெயித்த சூட்டோடு மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. முற்றுகை போட்டு, இரண்டு கேட்டபுல்ட்டைப் பறிகொடுத்து, ஒரு வழியாக எல்லை நகரத்தைப் பிடித்திருப்பார்கள். படையை அடுத்த நகரத்துக்கு நகர்த்துவார்கள். ஐந்தாறு டர்ன் (ஆட்டத்தின் சுற்று) போனதும், பிடித்த நகரம் கலகம் செய்து ஃப்ரீ சிட்டி (எந்த நாட்டையும் சேராத நகரம்) ஆகிவிட்டது என்று அறிவிப்பு வரும். எதிரி ஒரு அம்புகூட எய்திருக்க மாட்டான்.

இதற்குக் காரணம் லாயல்டி, அதாவது ஒரு நகரம் தன் நாட்டிடம் காட்டும் விசுவாசம். 2016-ல் வந்த அடிப்படை ஆட்டத்தில் இது கிடையாது. 2018-ல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தில் நுழைந்து, 2019-ல் வந்த கேதரிங் ஸ்டார்மிலும் தொடர்கிறது. இரண்டும் இல்லாமல் ஆடுகிறீர்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத் தேவையில்லை.

படி 1: முதலில் எண்ணைப் படியுங்கள்

ஒவ்வொரு நகரத்துக்கும் 0 முதல் 100 வரை லாயல்டி உண்டு. நகரத்தைக் கிளிக் செய்து விவரப் பக்கத்தைத் திறந்தால், இப்போது எவ்வளவு இருக்கிறது, ஒரு டர்னுக்கு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது, எந்தக் காரணத்தால் என்று எல்லாமே தெரியும். வரைபடத்தில் லாயல்டி லென்ஸைப் போட்டால் எந்தத் திசையிலிருந்து அழுத்தம் வருகிறது என்பதும் தெரியும்.

75-க்குக் கீழே போனாலே வளர்ச்சியும் வருமானமும் குறைய ஆரம்பிக்கும். 25-க்குக் கீழே போனால் அந்த நகரத்தால் உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. 0 ஆனால் கலகம்.

லாயல்டி 50, ஒரு டர்னுக்கு −10 என்றால் உங்களிடம் இருப்பது 5 டர்ன். அதற்குள் என்னென்ன செய்ய முடியும் என்று திட்டமிடுவதுதான் இந்தப் பதிவில் மீதி இருப்பது எல்லாம்.

படி 2: சுற்றியுள்ள மக்கள்தொகையைக் கணக்கு போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். லாயல்டியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் படை இல்லை, அக்கம்பக்கத்தில் வாழும் ஜனங்கள். ஒரு நகரத்தைச் சுற்றி 9 டைலுக்குள் (டைல் என்பது வரைபடத்தின் ஒரு கட்டம்) இருக்கிற ஒவ்வொரு நகரத்தின் மக்களும் தங்கள் நாட்டின் பக்கம் அதை இழுப்பார்கள். ஒரு டைல் தள்ளிப் போகப் போக அந்த இழுப்பு 10 சதவீதம் குறையும். பிடித்த நகரத்தில் மிஞ்சியிருக்கும் மக்கள் உங்கள் பக்கக் கணக்கில்தான் வருவார்கள்.

ஓர் உதாரணம். நீங்கள் ரோம், எதிரி பிரான்ஸ். லியோனைப் பிடித்துவிட்டீர்கள், அதில் மிச்சம் இருப்பது 4 மக்கள். 4 டைல் தள்ளி 12 மக்களோடு மார்செய் இருக்கிறது. 12 பேருக்கு 60 சதவீதம், அதாவது 7.2. இன்னொரு பிரெஞ்சு நகரம் 5 டைல் தள்ளி, 6 மக்கள்: 3. ஆக எதிரி பக்கம் 10.2. உங்கள் பக்கம் லியோனின் 4, அப்புறம் 8 டைல் தள்ளி இருக்கும் உங்கள் ரவென்னாவின் 5 மக்களிடமிருந்து வெறும் 1. மொத்தம் 5.

இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, சிறிய பக்கத்தோடு அரையைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, 10-ஆல் பெருக்குகிறது ஆட்டம். இங்கே 5.2-ஐ 5.5-ஆல் வகுத்தால் டர்னுக்கு ஏறத்தாழ −9.5. இந்த மக்கள் அழுத்தம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 20-ஐத் தாண்டாது.

இப்போது லியோனோடு சேர்த்து மார்செயையும் பிடித்துவிட்டால்? அதன் மக்கள் 9-ஆகக் குறைந்திருந்தாலும் லியோன்மேல் 5.4 அழுத்தம் உங்கள் பக்கம் வரும். உங்களுக்கு 10.4, பிரான்ஸுக்கு 3. −9.5-இல் நின்ற லியோன் ஒரே அடியில் +20-க்குத் தாவிவிடும். கவர்னர் (நகரத்துக்கு நீங்கள் அனுப்பும் நிர்வாகி), கார்டு (அரசின் கொள்கை அட்டை) எதுவும் இல்லாமலே.

அதனால் போருக்குப் போகும்போது எது பலவீனமான நகரம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த வட்டாரத்தில் எது பெரிய நகரம் என்று பாருங்கள். முதல் அடி அங்கே விழுந்தால் நல்லது. அது முடியாவிட்டால், சின்ன நகரத்தைப் பிடித்த நாலைந்து டர்னுக்குள் பெரியதும் விழும்படி இரண்டு படைகளாகப் பிரிந்து போங்கள். ஒரு நகரம் பிடித்து, மூச்சு வாங்கி, காயம் ஆற்றி, அப்புறம் அடுத்தது என்று நிதானமாகப் போகிற ஆட்டம் இந்த விரிவாக்கங்களில் எடுபடாது. எதிரியின் தலைநகரம் வட்டாரத்தில் இருந்தால் அதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் இழுப்பு உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

படி 3: யுகம் பார்த்துப் போர் தொடங்குங்கள்

கோல்டன் ஏஜில் (பொற்காலத்தில்) இருக்கும் நாட்டின் ஒவ்வொரு குடிமகனும் ஒன்றரை மடங்கு இழுப்பார். டார்க் ஏஜில் (இருண்ட காலத்தில்) இருந்தால் பாதிதான். நீங்கள் கோல்டன், எதிரி டார்க் என்றால் அவருடைய 12 மக்கள் நகரம் உங்களுடைய 4 மக்கள் நகரத்துக்குச் சமம். தலைகீழாக இருந்தால், யுகம் மாறும்வரை வேலி கட்டிக்கொண்டு உட்காருவதே புத்திசாலித்தனம்.

படி 4: நகரம் விழுந்த அதே டர்னில்

கவர்னரை அனுப்புங்கள். கவர்னர் இருக்கும் நகரத்துக்கு டர்னுக்கு +8. அவர் முழுதாகப் பொறுப்பேற்க 5 டர்ன் ஆகும், ஆனால் லாயல்டி அதற்காகக் காத்திருக்காது, அனுப்பியதுமே கணக்கில் சேரும். மேலே பார்த்த லியோனில் −9.5 என்பது −1.5 ஆகிவிடும். யாரை அனுப்புவது? இந்த வேலைக்கு யாரும் போதும், உட்கார்ந்திருந்தால் சரி. பிங்களா என்ற கவர்னரை மட்டும் தலைநகரத்திலிருந்து கிளப்பாதீர்கள், அறிவியலும் கலாச்சாரமும் அடிவாங்கும். போர்தான் உங்கள் வழி என்றால் விக்டர் என்ற கவர்னரை எடுத்து, கேரிசன் கமாண்டர் பதவி உயர்வும் கொடுங்கள். அவர் இருக்கும் நகரத்திலிருந்து 9 டைலுக்குள் உள்ள உங்கள் மற்ற நகரங்களுக்கெல்லாம் +4 வரும். மூன்று நகரங்களைக் கொத்தாகப் பிடித்தவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

அடுத்து, நகர மையத்தில் ஒரு படை நிற்க வேண்டும். ஆக்கிரமிப்பில் இருக்கும் நகரத்தின் கோபத்தை அது தணிக்கும். நல்ல வாள்வீரனை அங்கே முடக்க வேண்டாம். பழைய வில்லாளி ஒருவரைப் பின்னாலேயே அழைத்துவந்து மையத்தில் நிறுத்திவிட்டு, வாள்வீரனை முன்னே அனுப்புங்கள்.

கார்டுகளை நகரம் விழுவதற்கு முன்பே மாற்றி வைத்திருக்க வேண்டும். ஒரு சிவிக் (கலாச்சார ஆய்வு) முடியும் டர்னில் கார்டு மாற்றுவது இலவசம், மற்ற நேரத்தில் காசு கேட்கும். ஆரம்ப காலத்துக்கு லிமிட்டானை: படை நிற்கும் நகரங்களுக்கு +2. பிரிட்டோரியம்: கவர்னர் இருக்கும் நகரத்துக்கு இன்னும் +2. கடல் தாண்டி வேறு கண்டத்தில் பிடித்திருந்தால் பிற்பாடு வரும் கொலோனியல் ஆஃபிசஸ், +3. நம் லியோனுக்கு லிமிட்டானை ஒன்றே போதும், −1.5 என்பது +0.5 ஆகி நின்றுவிடும். நகரத்தில் மானுமெண்ட் என்ற கட்டடம் இல்லாவிட்டால் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள், அதில் ஒரு +1 இருக்கிறது.

படி 5: வயிறும் மனசும்

நகரம் பட்டினி கிடந்தால் டர்னுக்கு −4. இது பெரும்பாலும் நாமே வரவழைத்துக்கொள்வது. முற்றுகையின்போது பண்ணைகளைக் கொள்ளையடித்தால் படையின் காயம் ஆறும் என்பதால் கை சும்மா இருக்காது. நாளை உங்களுடையதாகப் போகிற நகரம் என்றால் பண்ணையை விட்டுவைத்து, சுரங்கத்தில் கை வையுங்கள். ஏற்கெனவே அடித்து நொறுக்கியாயிற்றா, ஒரு பில்டரை அனுப்பிச் சரிசெய்யுங்கள்.

அமெனிட்டி (மக்களை மகிழ்ச்சியாக வைக்கும் வசதிகள்) குறைந்தால் −3 அல்லது −6 வரை போகும், நிறைய இருந்தால் அதே அளவு ஏறும். போர் நீள நீளச் சலிப்பு கூடி அமெனிட்டியைத் தின்னும். பக்கத்து நாட்டுக்காரரிடம் ஒரு ஆடம்பரப் பொருளை விலைக்கு வாங்கிப்போடுங்கள். சொந்த மதம் நிறுவியிருந்தால் அந்த நகரம் உங்கள் மதத்துக்கு மாறியதும் +3, மாறாதவரை −3. ஆக ஒரு மிஷனரி சாதிப்பது 6 புள்ளி வித்தியாசம். கவர்னர் தருவதில் முக்கால் பங்கு. படையோடு மிஷனரியையும் அனுப்புவது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் பலன் தரும்.

படி 6: அமைதிப் பேச்சில் கேட்டு வாங்குங்கள்

போர் முடியும்போது, பிடித்த நகரங்களை முறையாக விட்டுக்கொடுக்கும்படி ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆக்கிரமித்த நகரம் என்ற முத்திரை தொடரும், நகரம் வளராது. காசு, கலைப்பொருள் எல்லாம் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

காப்பாற்ற முடியாத நகரம்

எல்லாம் செய்தும் −8, −10 என்று நிற்கிற நகரங்கள் இருக்கும். எதிரி நாட்டின் நடு வயிற்றில் தனியாக ஒன்றைப் பிடித்தால் அப்படித்தான். பிடிக்கும் கணத்திலேயே அதை அழித்துவிடலாம். எதிரியின் மூலத் தலைநகரத்தை மட்டும் அழிக்க முடியாது. வைத்துப் பார்க்கிறேன் என்று தோன்றினால், கலகம் வெடிக்க ஓரிரு டர்ன் இருக்கும்போது அதையே கொடுத்து அமைதி பேசி, பதிலுக்குத் தங்கமோ வேறு நல்ல நகரமோ வாங்குங்கள். எப்படியும் போகப் போகிற பொருளுக்கு நல்ல விலை.

ஃப்ரீ சிட்டி ஆகிவிட்டாலும் கதை முடிந்துவிடாது. யார்மேலும் போர் அறிவிக்காமலே அதைத் தாக்கலாம். அது அடுத்து யாருடைய அழுத்தம் அதிகமோ அவரிடம் சேரப் பார்க்கும் என்பதால் சீக்கிரம் போங்கள். பக்கத்து நாட்டின் தலைவராக எலினார் ஆடுகிறார் என்றால் இந்த அவகாசமும் கிடைக்காது. அவருடைய அழுத்தம் மற்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தால் நகரம் ஃப்ரீ சிட்டி ஆகாமல் நேராக அவரிடமே போய்விடும். போதாக்குறைக்கு அவர் நகரங்களில் இருக்கும் ஒவ்வொரு கலைப்படைப்பும் 9 டைலுக்குள் உள்ள பிற நாட்டு நகரங்களின் லாயல்டியை டர்னுக்கு 1 வீதம் கரைக்கும். அவர் பக்கத்து வீடு என்றால் முதல் படையெடுப்பு அவர்மேலேயே இருக்கட்டும்.

பழகுவதற்கு எந்த நாட்டை எடுக்கலாம் என்றால் சுலைமானின் ஓட்டோமான். பிடித்த நகரத்தில் மக்கள்தொகை குறையாது, அவர்கள் நிறுவாத நகரங்களுக்கு +4 லாயல்டியும் ஒரு அமெனிட்டியும் உண்டு. ஜூலுவும் நல்ல தேர்வு, படை நிற்கும் நகரத்துக்கு +3, அது கோர் அல்லது ஆர்மியாக (படைகள் இணைந்த பெரிய படையாக) இருந்தால் +5. இந்த இரண்டில் ஒன்றை வைத்து ஒரு முழு ஆட்டம் ஆடிவிட்டு, அப்புறம் இந்தச் சலுகை எதுவும் இல்லாத ரோமுக்கு வாருங்கள்.